பிள்ளைகளுக்குச் செஸ் எஞ்சின் தேவையா?

பிரிக்பீல்ட்ஸ் யானை:
வார இறுதியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். ஆட்டம் முடிந்த கையோடு எல்லாரும் கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ்ஷைத் திறக்கிறார்கள்; நல்ல நகர்த்தல் எது என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல், அதாவது செஸ் எஞ்சின். ஏன் தோற்றாய் என்று கேட்டால், "மைனஸ் 2 ஆயிடுச்சு சார்" என்பதுதான் பதில்; யார் எவ்வளவு முன்னிலை என்று எஞ்சின் காட்டும் எண் அது. குதிரை எங்கே மாட்டியது, எதிராளியின் திட்டம் என்ன, எதுவும் சொல்லத் தெரியவில்லை. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் கிராண்ட்மாஸ்டர் அளவான 2500-ஐ நெருங்கும் வரை அவரை எஞ்சின் பக்கமே விடவில்லை. அந்தப் பையன் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனான். பிள்ளைகள் கையில் எஞ்சின் கூடாது.

செந்தூல் சிப்பாய்:
சார், குகேஷுக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். செந்தூல் அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? தனி வகுப்புக்குப் பணம் கட்ட எத்தனை பெற்றோரால் முடியும்? 1997-இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐபிஎம் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையே கட்ட வேண்டியிருந்தது. இன்று அதைவிடப் பலமான ஆட்டக்காரர் சாதாரணக் கைப்பேசியில் இலவசமாக இருக்கிறார். அதையும் பிடுங்கிவிட்டால் நம் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

அப்புறம், எஞ்சின் காட்டும் எண்ணைப் பார்க்காமலும் பழகலாம். லீசெஸ் என்ற இலவச செஸ் தளத்தில் 'தவறுகளிலிருந்து கற்றல்' என்று ஒன்று உண்டு. நாம் சறுக்கிய நிலையைக் காட்டி, நல்ல நகர்த்தலை நம்மையே தேடச் சொல்லும். விடையை உடனே காட்டாது.

பட்டர்வொர்த் மந்திரி:
எஞ்சினை எதிராளியாக வைத்துப் பழகுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷின் பலத்தைக் குறைத்தால் அது மனிதனைப் போல் பலவீனமாக ஆடாது. நன்றாக ஆடிக்கொண்டே வந்து, திடீரென்று காரணமே இல்லாமல் ஒரு காயைத் தூக்கிக் கொடுக்கும். அதை ஜெயித்துப் பழகிய பிள்ளை போட்டியில் திணறும். எதிராளி வேண்டுமென்றால் மையா என்ற செஸ் நிரல் (பாட்) நல்லது. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பயிற்றுவித்தது, நம்மைப் போலவே தப்பும் செய்யும்.

பிரிக்பீல்ட்ஸ் யானை:
மையாவுக்குச் சரி. ஆனால் தம்பி, அந்தத் 'தவறுகளிலிருந்து கற்றல்' விஷயத்தில்தான் எனக்குச் சண்டையே. "இந்த இடத்தில் ஒரு நல்ல நகர்த்தல் இருக்கிறது" என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. போட்டியில் அப்படி யார் சொல்வார்கள்? நின்று யோசிக்க வேண்டிய இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் செஸ்ஸில் பாதித் திறமை.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். குகேஷ் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் எஞ்சின் கணக்கில் டிரா. அவர் விடாமல் ஆடினார். 55-ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறாக எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மூலையில் இருந்த டிங்கின் மந்திரிக்கும் தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது. எண்ணை நம்பிப் பழகும் பிள்ளை அங்கே டிரா என்று கை குலுக்கிவிட்டு எழுந்திருக்கும்.

செந்தூல் சிப்பாய்:
அதே குகேஷ் அந்தப் போட்டிக்கு எஞ்சின் இல்லாமலா தயாரானார் சார்? சரி, ஒரு வழி சொல்கிறேன். போட்டியில் எழுதும் நகர்த்தல் தாளிலேயே, எங்கே சந்தேகம் வந்தது, என்ன பயந்தேன் என்று பிள்ளையே முதலில் எழுதட்டும். அதன்பிறகு எஞ்சின்.

பிரிக்பீல்ட்ஸ் யானை:
12 வயதுக்கு மேல் இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கீழே, தாளை நான்தான் பார்ப்பேன்.

செந்தூல் சிப்பாய்:
உங்கள் வகுப்புக்கு வர முடிகிற பிள்ளைகளுக்கு அது சரி சார். வர முடியாத பிள்ளையிடம் எஞ்சினைத் தொடாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது.