கிணற்று நீர்மட்ட உணரி: மின்கலச் சிக்கலின் புதுப்பிப்பு
மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவுக் கிணற்றில் பொருத்திய கம்பியில்லா நீர்மட்ட உணரியின் மின்கலம் இரண்டு வாரங்கூடத் தாங்கவில்லை என்று முன்னர் எழுதியிருந்தேன். உணரியை இயக்கி அளவீட்டை வைஃபை வழியே அனுப்பும் ஈஎஸ்பி8266 சில்லு, ஆழ்துயிலில் (அளவீடுகளுக்கிடையே பெரும்பாலும் அணைந்திருக்கும் நிலையில்) ஏறத்தாழ 20 மைக்ரோஅம்பியரே எடுக்கும். ஆனால் அச்சில்லைத் தாங்கிய மின்சுற்றுப் பலகையிலிருந்த ஏஎம்எஸ்1117 மின்னழுத்தச் சீராக்கி, சில்லு உறங்கும்போதும் ஏறக்குறைய 5 மில்லிஅம்பியரை விழுங்கிக்கொண்டிருந்தது. எனவே பலகையைக் கைவிட்டு, வெறும் சில்லுத் தொகுதியை, 2 மைக்ரோஅம்பியருக்கும் குறைவாக எடுக்கும் எம்சிபி1700 சீராக்கியுடனும், அனுப்பும் கணத்து மின்னோட்ட உச்சத்தைத் தாங்க ஒரு பெரிய மின்தேக்கியுடனும் இணைத்தேன். விழிக்கும் நேரத்தில் சைகை தரும் சில்லின் 16ஆம் முனையை, அதை மறுதொடக்கம் செய்யும் மீளமைப்பு முனையுடன் இணைக்காவிட்டால் சில்லு தானாக விழிக்காது என்பதை மறந்ததால் ஒரு மாலை முழுவதும் வீணாயிற்று. வாவிப்பக்க உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த முனைகளைச் சுரண்டி வார்னிசும் பூசினேன். பதினைந்து நிமிடத்துக்கொரு அளவீடு அனுப்பியும், ஆறு வாரங்களுக்குப் பின் மின்கலம் இன்னும் 3.9 வோல்ற்று காட்டுகிறது.