கீல் உள்ள பாய்ப்படகு நம் கரைக்கு ஒத்துவருமா? சில அனுபவங்கள்

குளச்சலிலிருந்து:
ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பழைய கேட்டலினா 30 ஒன்றை வாங்கிய ஒருவர், அடிப்பகுதியைப் பார்க்க என்னைக் கொச்சிக்கு அழைத்தார். 1970களில் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய முப்பது அடிப் பாய்ப்படகு அது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, எஞ்சின் எல்லாவற்றையும் பெருமையாகக் காட்டினார். என் கண் படகின் அடியில் துருத்தி நிற்கும் எடையான கீலில்தான் இருந்தது. ஏறக்குறைய 1,900 கிலோ ஈயம், சில போல்ட்டுகளை நம்பித் தொங்குகிறது!

ஈயமும் உடலும் சேரும் இடத்தில், அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், ஒரு விரிசல். இவ்வகைப் படகில் இது பேர்போன நோய். பழைய படகுகளில் அந்த இடத்தின் உள்ளே ஒட்டுப்பலகை வைத்து ரெசின் பிசினால் மூடியிருப்பார்கள். போல்ட் துளை வழியாக நீர் இறங்கினால் பலகை ஊறி அமுங்கும், போல்ட் தளரும். வெளியே பூசி மறைப்பது வீண் செலவு. பலகையை வெட்டியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஃபைபர் விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காக வைத்துக் கெட்டியாக்கிய பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். அப்படியே செய்தோம்.

குளச்சலுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டார். நம் வள்ளம் கரையேறும். இதற்கு மிதக்கவே 1.6 மீட்டர் ஆழம் வேண்டும். ஆனி, ஆடியில் பக்கத்திலுள்ள தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை உடையும்போது நம் வள்ளங்களே கவிழ்கின்றன. வேண்டாம் என்றேன்.

சின்னமுட்டத்திலிருந்து:
குளச்சல் அண்ணன் ஈயத்தைக் குறையாகவே சொல்கிறார். இதே அளவுப் படகொன்றில் தை மாதம் குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே போனேன். வாடைக்காற்று எதிரே வந்தது. கட்டுமரத்தில் பாய் விரித்தால் ஆட்களே எதிர்ப்பக்கம் சாய்ந்து எடை கொடுக்க வேண்டும். இங்கே பாயைப் பாதியாகச் சுருக்கினோம். சாய்ந்த படகைக் கீல் பிடித்துக்கொண்டது. காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறியதும் அதனால்தான். என்ன, சமைத்த கஞ்சி முழுவதும் தரையில்.

முட்டத்திலிருந்து:
இரவில் அப்படி ஒரு படகின் சுக்கானில் எங்கள் வலை சிக்கியது. வலையை அறுத்துத்தான் விடுவித்தோம். வருகிறவர்கள் பகலில் வாருங்கள், மிதவைகளைப் பார்த்து விலகிப் போங்கள்.