பொருள்: இண்டர்மெட்ஸோ – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் கடைசிப் பியானோத் துண்டுகள் (படைப்பு எண் 116 முதல் 119 வரை, 1892-93இல் வெளிவந்தவை) முதன்முதலில் எப்படி வரவேற்கப்பட்டன என்பது பற்றியது. மொத்தம் 20 துண்டுகள். அவற்றில் 14க்கு அவர் இட்ட பெயர் இண்டர்மெட்ஸோ, அதாவது இடையில் வருவது. 'இடையிசை' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பியானோ ஆசிரியை:
வேண்டாம். இடையிசை என்றால் என் மாணவர்களுக்குப் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் வயலின்தான் நினைவுக்கு வரும். 117இல் மூன்று துண்டுகள், மூன்றுமே இண்டர்மெட்ஸோ. எதற்கு இடையே? வியன்னா விமர்சகர் ஹான்ஸ்லிக் காதுக்கு இவை பிராம்ஸ் தனியாக உட்கார்ந்து தனக்குள் பேசிக்கொள்வது போலத்தான் இருந்தன. 'தனிமொழி' பொருந்தும்.

தமிழாசிரியர்:
தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று பள்ளி இலக்கணமே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதே அம்மா! சிலம்பைப் பாருங்கள்: 'உரைப்பாட்டு மடை', நடுவே செருகிய உரைப் பகுதி. மடுத்தல் என்றால் உட்செலுத்துதல். செவிமடுத்தல் என்பதும் அதே வேர்தான். 'இசைமடை' என்றால் ஒரே சொல்லில் இசையும் இருக்கிறது, கேட்பதும் இருக்கிறது. வயலில் மடை, சாமிக்கு மடை, மடைப்பள்ளி என்று இந்தச் சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது! இதையா விடுவது?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மடை என்றதும் வாசகர் மனத்தில் வெள்ளம் பாய்ந்துவிடும். இந்த இசை அதற்கு நேர் எதிர். 119இன் முதல் துண்டை 1893 மே மாதம் தன் தோழியும் பியானோக் கலைஞருமான கிளாரா ஷூமனுக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு சுரத்தையும் வேகம் தணிவது போல வாசிக்க வேண்டும் என்று பிராம்ஸ் எழுதினார். கிளாரா அதைச் சாம்பல் நிற முத்து என்றார்.

பியானோ ஆசிரியை:
ஆமாம். தொடக்கத்தில் சுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அடுத்தது வந்த பிறகும் முந்தையதிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று தேங்கி, உரசும். கிளாராவுக்கு அந்த உரசல்தான் பிடித்தது.

தமிழாசிரியர்:
தேங்குகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். திறக்க மட்டுமா மடை? தேக்கவும்தானே!

மொழிபெயர்ப்பாளர்:
உண்மைதான் ஐயா. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அதை வாசகருக்கு விளக்கப் பக்கம் இல்லை. தனிமடலில் வந்தவர்களும் ஒலிபெயர்ப்பே போதும் என்கிறார்கள். 'இண்டர்மெட்ஸோ' என்றே போடுகிறேன்.

தமிழாசிரியர்:
போடுங்கள். நூலாக வரும்போது 'இசைமடை'யை மறுபடி எடுத்து வருவேன். அதற்குள் அந்தத் துண்டின் ஒலிப்பதிவு ஒன்று அனுப்புங்கள் அம்மா, இன்னும் கேட்டதில்லை.