இந்தியா, இலங்கை எம்.டி.எஃப். இறக்குமதி: நீண்ட கால ஒப்பீட்டைச் சரியாகச் செய்வது எப்படி?

கேள்வி (மார்த்தாண்டம்)

வணக்கம். குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குச் சிறிது ரப்பர் தோட்டம் உண்டு. பால் குறைந்த மரங்களை வெட்டி விற்கும்போதெல்லாம், வெளிநாட்டு எம்.டி.எஃப். பலகை (மர நாரை அழுத்திச் செய்யும் நடுத்தர அடர்த்தி நார்ப்பலகை) வந்து குவிவதால்தான் தடிக்கு விலை ஏறவில்லை என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். இதை என் முதுகலை ஆய்வில் சோதித்துப் பார்க்க விரும்பி, ரப்பர் விளையும் இரு நாடுகளான இந்தியாவும் இலங்கையும் 2000 முதல் இறக்குமதி செய்த நார்ப்பலகையின் டாலர் மதிப்பை ஒரே வரைபடத்தில் இட்டேன். இலங்கையின் கோடு அடியிலேயே கிடக்கிறது. 2007-ஐ ஒட்டி சுங்கக் குறியீட்டின் உட்பிரிவுகளும் மாறிவிடுகின்றன. எப்படி ஒப்பிட்டால் சரியாகும்?

பதில் 1 (நாகர்கோவில்)

உட்பிரிவுகள் மாறியதற்குக் காரணம் வணிகம் அன்று, வகைப்பாடு. சுங்கக் குறியீடு 4411-இன் கீழ் வரும் நார்ப்பலகைகள் 2007-க்கு முன் அடர்த்தியை வைத்துப் பிரிக்கப்பட்டன; அவ்வாண்டுத் திருத்தத்திற்குப் பின் எம்.டி.எஃப். மட்டும் தடிமனை வைத்துப் பிரிக்கப்படுகிறது: 5 மி.மீ. வரை 4411.12, அதற்கு மேல் 9 மி.மீ. வரை 4411.13, அதற்கும் மேல் 4411.14. பழைய பிரிவுகளைப் புதியவற்றோடு நேராக இணைக்க இயலாது. திருத்தத்தை எல்லா நாடுகளும் ஒரே ஆண்டில் நடைமுறைப்படுத்துவதில்லை என்பதால், நீண்ட தொடருக்கு நான்கு இலக்க 4411-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, தடிமன் பற்றிய ஆய்வை இரு நாடுகளிலும் புதிய பிரிவுகள் நிலைபெற்ற பிறகான ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டாலர் மதிப்பை மட்டும் நம்ப வேண்டாம். கன மீட்டரையும் பாருங்கள். எடை மட்டுமே கிடைத்தால், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 முதல் 750 கிலோ என்று கொண்டு மாற்றலாம். எட்டுக்கு நான்கு அடி, 18 மி.மீ. பலகை ஒன்று சுமார் 0.054 கன மீட்டர், அதாவது 40 கிலோவுக்கு அருகில் வரும். பதிவான அளவும் எடையும் இந்த விகிதத்திலிருந்து வெகுவாக விலகினால் அந்த ஆண்டின் பதிவை ஐயத்தோடு அணுக வேண்டும். இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, இலங்கைக்கோ ஜனவரி. ஆகவே மாதக் கணக்குகளைக் கூட்டி இரண்டையும் நாட்காட்டி ஆண்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அடியில் கிடக்கும் கோட்டுக்கு, ஏதேனும் ஓர் ஆண்டை 100 என வைத்துக் குறியீட்டெண் கணக்கிடுங்கள், அல்லது ஆயிரம் பேருக்கு எத்தனை கன மீட்டர் என்று பாருங்கள்.

பதில் 2 (தக்கலை)

தம்பி, நான் மரச்சாமான் பட்டறை நடத்துகிறவன். இலங்கை வாங்கும் நாடு மட்டுமன்று. ரப்பர் மரத்திலிருந்தே எம்.டி.எஃப். செய்து இந்தியாவுக்கு அனுப்பியும் வந்திருக்கிறது. தடித்த பலகைகளுக்கு இந்தியா பொருள்குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டுச் சரக்கு மிகக் குறைந்த விலைக்கு வந்து குவிவதைத் தடுக்கும் வரி) விதித்தபோது சீனா, மலேசியா, தாய்லாந்து ஆகியவற்றோடு இலங்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆகவே உள்நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து வரும் நுகர்வையும் பாருங்கள். அலமாரியின் பின்பக்கத்துக்கு வாங்கும் மெல்லிய பலகையும் கதவுக்கு வாங்கும் 18 மி.மீ. பலகையும் எங்களுக்கு வேறு வேறு சரக்கு என்பதால், தடிமன் வாரியாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

பதில் 3 (குழித்துறை)

மதிப்பையும் விட்டுவிட வேண்டாம். மொத்த மதிப்பைக் கன மீட்டரால் வகுத்தால் துறைமுகத்தில் வந்திறங்கும் விலை தெரியும். வியாபாரிகளின் கூற்றை அந்த விலையோடுதான் உரசிப் பார்க்க முடியும். 2022-இல் இலங்கை ரூபாய் ஒரு டாலருக்கு சுமார் 200-லிருந்து 360-ஐ எட்டியது. அதற்கு முன்பே இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வந்திருந்தன. அந்த ஆண்டுகளில் சரிவு தெரிந்தால், அதை மரத்தேவை குறைந்ததாக உடனே எழுதிவிடாதீர்கள். இன்னொன்று: நம் மாவட்டத்து ரப்பர் தடி கேரளத்தின் பெரும்பாவூரில் உள்ள ஒட்டுப்பலகை (பிளைவுட்) ஆலைகளுக்கும் போகிறது. தடி விலைதான் உங்கள் கேள்வி என்றால், 4412 என்ற ஒட்டுப்பலகை இறக்குமதியைச் சேர்க்காமல் விடை முழுமையாகாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 4411, 4412 இரண்டையும் கன மீட்டரிலும் ஓர் அலகு விலையிலும் தனித்தனியாக எடுத்து, தோட்டத்தில் தடி விற்ற ரசீதுகளின் விலையை அவற்றின் அருகில் வைத்துப் பார்க்கிறேன்.