நம்ம சனத்தையே படம் எடுக்கும்போது சம்மதம் வாங்குவது எப்படி?

வணக்கம் தோழர்களே. நான் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடிப் பையன். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் எங்கள் சனம் கூடி கன்னியம்மாவைக் கும்பிடுவதை மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். இந்த முறை விடியற்காலையில், மணலில் படி கட்டிப் பூ வைத்த கையோடு பெரியம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. அழுதுகொண்டே வாக்கு சொன்னார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்டால், “நம்ம புள்ளதானே, போட்டுக்கோ” என்கிறார். சிக்கலே அதுதான். வெளியாள் என்றால் விரட்டியிருப்பார். யூடியூபில் கீழே என்னென்ன எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இன்னொன்று, தாத்தா உடும்பு பிடித்த கதையை முகம் காட்டிச் சொல்கிறார். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றமாச்சே! தாத்தா ஐப்பசியில் தவறிவிட்டார், வனத்துறை விசாரிக்க வந்தால் மாமாவைத்தான் கேட்கும். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பற்றிய படங்களில், இறந்தவர்களின் முகமும் குரலும் வரும் என்று முதலிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாமா?

கையெழுத்து வாங்காமல், பேச்சிலேயே சம்மதம் பதிவு செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள்? அந்தக் கேள்விகள் தமிழில் இருந்தால் அனுப்புங்கள். வனச்சட்டம் தெரிந்த வக்கீல் இருந்தாலும் சொல்லுங்கள். எடிட்டிங்கை நிறுத்தி வைத்திருக்கிறேன்.