மடிப்பு நோட்டில் படிக்கப் பழகிய பிள்ளைகள்: உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

இரண்டாம் வகுப்பு ஆசிரியை, ஈராசிரியர் பள்ளி

என் வகுப்பில் ஒரு பையன். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கரும்பலகையில் நான் 'தொட்டி' என்று எழுதினால் அவன் நோட்டிலும் பிசகில்லாமல் 'தொட்டி' வந்துவிடும். எழுதியதை வாசி என்றால் "தெ... தெட்..." என்று நின்றுவிடுவான். முன்னால் வரும் கொம்பு அவன் கண்ணில் படுகிறது, பின்னால் வரும் கால் படுவதில்லை. அவன் மட்டுமில்லை, 23 பேரில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

அவர்களுக்காகத்தான் மடிப்பு நோட்டு ஆரம்பித்தேன். சாதாரண நீள நோட்டுதான். பக்கத்தில் மடிப்பு, சின்னப் பை, சுழலும் வட்டு என்று ஒட்டி, பிள்ளை தானே திறந்தும் இழுத்தும் படிக்கிற மாதிரி செய்வது. எனக்கு அதிகம் கைகொடுத்தது ஒரே ஒரு பக்கம். நடுவில் 'த'. அதற்கு இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் துணைக்கால். இரண்டுக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சின்னக் கதவு. வலது கதவை மட்டும் திறந்தால் தா. இடதை மட்டும் திறந்தால் தெ. இரண்டையும் திறந்தால் தொ. அந்தப் பையன் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு கட்டத்தில் தானாகவே சொன்னான்: "டீச்சர், ரெண்டு கதவும் தொறந்தா வாய் குவியுது." பத்து வருஷமாக நான் பாடம் நடத்துகிறேன், இதை இப்படி ஒரு பிள்ளைக்கு நான் விளக்கியதே இல்லை.

அப்புறம் ஒற்றைக்கொம்பின் மேல் இரட்டைக்கொம்பு ஒட்டிய சீட்டை வைத்து தே, தோ. ஔகார வரிசையை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அதன் பின்குறி 'ள' போலவே இருப்பதால் 'கௌ'வை 'கெள' என்று படித்துவிடுகிறார்கள். அதை நான் கடைசியில் தனிப் பக்கமாக வைத்தேன்.

ஆனால் முதல் இரண்டு மாதம் நான் செய்தது பெரிய தவறு. 40 நிமிடப் பாடவேளையில் 30 நிமிடம் வெட்டுவதும் ஒட்டுவதும்தான் நடந்தது. நோட்டு பார்க்க அவ்வளவு அழகு. வகுப்பைப் பார்க்க வந்த ஒருவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இதை ஒரு பிள்ளை படித்துக் காட்டட்டுமே" என்றார். படிக்க முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அதற்குப் பிறகு, வெட்டி ஒட்டுவதற்கு வாரத்தில் ஒருநாள்தான். மற்ற நாலு நாளும் அதே பக்கத்தைத் திறந்து படிப்பது, பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுவது. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022க்குப் பிறகு, பிள்ளைகளின் கற்றல் அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த மூன்று நிலையும் ஒரே அறையில் இருக்கிறது அல்லவா, அதற்கும் இது தோதாக இருக்கிறது. அரும்பு கதவைத் திறந்து எழுத்தைச் சொல்லும். மொட்டு அந்த எழுத்தில் சொல் எழுதும். மலர் வாக்கியம் எழுதும். பக்கம் ஒன்றேதான்.

ஒரு அம்மா, மகள் ஒன்றாம் வகுப்பு

டீச்சர், நீங்கள் சொல்வதைப் படிக்கும்போது ஆசையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கதையே வேறு. என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் அச்சடித்த தாள்களைக் கட்டாகக் கொடுத்து, வீட்டில் வெட்டி ஒட்டி வரச் சொல்கிறார்கள். இரவு பத்து மணிக்கு நான்தான் வெட்டுகிறேன். அவள் தூங்கிவிடுகிறாள். மறுநாள் அந்த மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. அழுகையாக வருகிறது.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை

அம்மா, அந்த அச்சுத்தாளை விடுங்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளை எடுத்து நடுவில் மடித்து, மேலே அவளை ஒரு படம் வரையச் சொல்லுங்கள், உள்ளே அதன் பெயரை அவளே எழுதட்டும். கோணல்மாணலாக வரட்டும். அவள் கை மடித்த தாளைத்தான் அவள் கை திரும்பத் திறக்கும். பள்ளியிலும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். வகுப்பில் நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள், 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி அட்டவணை, சின்னம் போட்ட அட்டைகள், பிள்ளை உயரத்துக்குத் தாழ்வாக அடித்த கரும்பலகை. பிள்ளை தன் வேகத்தில் போகலாம் என்பதை என் கண்ணால் பார்த்து நம்பியது அப்போதுதான். ஒரு குறை எனக்கு இருந்துகொண்டே இருந்தது. அட்டை பள்ளிக்கூடத்துச் சொத்து, மாலையில் தட்டுக்குத் திரும்பிவிடும். பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும்.

பணியின் கடைசி மூன்று வருஷம் நானும் மடிப்பு நோட்டு வைத்தேன். அது பையில் ஏறி வீட்டுக்குப் போனது. பேத்தியைப் பள்ளியில் விட வந்த ஒரு பாட்டி, வாசலில் நின்று, "சார், அந்த ணகரம் மூணையும் இன்னொரு தடவை எழுதிக் குடுங்க, கதவு பிஞ்சுபோச்சு" என்று கேட்டார். பேத்தியோடு சேர்ந்து அவரும் ண, ந, ன படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு நடைமுறை விஷயம். ஒட்ட ஒட்ட நோட்டு உப்பி, தையல் விட்டுவிடும். மூன்று தாளுக்கு ஒன்றை முன்கூட்டியே கத்தரித்துவிடுங்கள். தையல் ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுக் கத்தரித்தால் தையல் நிற்கும். மைதாப் பசை மலிவு, ஆனால் கரப்பான் வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியர், மலைக்கிராமப் பள்ளி

எல்லாரும் வாசிப்பைச் சொல்லிவிட்டீர்கள், எனக்கு இந்த நோட்டு எழுதுவதற்குத்தான் உதவியது. எங்கள் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவார்கள். எழுது என்றால் மூன்று சொல்லோடு நின்றுவிடும். 'சரியான தமிழ்' எது என்று பயம். அதனால் இடப்பக்கம் பிள்ளையுடையது என்று பிரித்துவிட்டேன். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம், படம் வரையலாம், அங்கே என் சிவப்புப் பேனா நுழையாது. வலப்பக்கம் நானும் பிள்ளையும் உட்கார்ந்து அதையே எழுத்துத்தமிழில் எழுதுவோம். எந்தச் சொல் மாறுகிறதோ அதன்மேல் ஒரு மடிப்பு. மூடினால் பேச்சு, திறந்தால் எழுத்து.

ஜூனில் வாய் திறக்காத ஒரு பெண் டிசம்பரில் இடப்பக்கம் எழுதியது: "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு ஒண்ணு நிக்கவே இல்ல அப்பா மடில வச்சிருந்தாரு". வலப்பக்கத்தில், 'போட்டுச்சு' மடிப்பைத் திறந்தால் 'போட்டது' இருக்கிறது. 'ஈன்றது' என்ற சொல்லும் உண்டு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம் சார், போட்டதுன்னே இருக்கட்டும், அது எங்க ஆடு" என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.