50 லட்சம் காப்பீடு: டாக்டர்கள் சங்கம் குரல் கொடுத்தது யாருக்காக?

வைகைக்கரை:
டாக்டர்கள் சங்கம் என்றாலே தங்கள் கட்டணத்துக்காகக் கொடி பிடிக்கும் கூட்டம் என்று ஒரு நண்பர் சொன்னார். கொரோனா காலத்தை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு சுமார் 22 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்குக் காப்பீடு அறிவித்தது. கொரோனா பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம். அறிவிப்பு நல்லதுதான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், எத்தனை பணியாளர்கள் இறந்தார்கள் என்ற கணக்கு மத்தியில் இல்லை, சுகாதாரம் மாநில அரசுகளின் பொறுப்பு என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. உடனே கொரோனாவில் இறந்த 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது டாக்டர்கள் சங்கமான இந்திய மருத்துவச் சங்கம் (ஐ.எம்.ஏ.).

அடுத்து 2021. மார்ச் 24-உடன் திட்டம் முடிந்தது, அதுவரை இறந்தவர்களுக்கு ஏப்ரல் 24-க்குள் மனு கொடுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் போனது. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது! கடிதம் வெளியே தெரிந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ஓராண்டு நீட்டித்தார்கள். சங்கம் வாய் மூடியிருந்தால் திட்டம் அப்படியே செத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

தேனி நர்ஸ்:
அண்ணா, நீங்கள் சொல்வது டாக்டர்கள் கதை. 382 டாக்டர்களின் பட்டியல் வந்தது, சரி. எங்களை யார் எண்ணினார்கள்? நான் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். என்னோடு நைட் டூட்டி பார்த்தவள் 2021 மே மாதம் போய்விட்டாள். மகனுக்கு ஆறு வயது. அவள் கொரோனா வார்டில் வேலை பார்த்தாள் என்று ஒரு தாள் எழுதிக் கொடுக்கச் சொல்லி அவள் கணவர் நிர்வாகத்திடம் மூன்று மாதம் அலைந்தார். கொடுக்கவே இல்லை. கொடுத்திருந்தாலும், தனியார் ஊழியர் என்றால் அரசு கேட்டு வாங்கிய பணியாளராக இருக்க வேண்டும் என்பது விதி. டெல்லி வரை குரல் போகும் சங்கம் அவளைப் போன்றவர்களுக்காக எத்தனை முறை பேசியது?

மருதன்:
சிஸ்டர் சொன்னதுதான் என் கருத்தும். இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். 2020 ஜூனில் தமிழகத்தில் தனியார் கொரோனா சிகிச்சைக்கு எவ்வளவு வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோது, இதே சங்கத்தின் மாநிலக் கிளை அரசுக்குக் கொடுத்த கணக்கு என்ன தெரியுமா? லேசான பாதிப்புக்கு 10 நாளைக்குச் சுமார் 2.3 லட்சம். ஐ.சி.யூ. என்றால் 17 நாளைக்குச் சுமார் 4.3 லட்சம். அரசு நிர்ணயித்தது பொது வார்டுக்கு மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்து ஒரு நாளைக்கு 5,000 அல்லது 7,500, ஐ.சி.யூ.வுக்கு 15,000. பொது வார்டுக்கு 10 நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்குகூட வராது. முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு அப்போது வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000. அதற்குக் கொஞ்சம் மேலே சம்பாதித்த ஆட்டோக்காரர் 2.3 லட்சத்துக்கு எங்கே போவார்? அந்தக் கணக்கை அரசு அப்படியே ஏற்றிருந்தால் நகை அடகுக் கடை வாசலில்தான் நின்றிருப்போம். அதனால் சங்கத்தின் குரல் கொள்கையை மாற்றியது என்று சந்தோஷப்படும் முன், எந்தக் குரல், எதை மாற்றக் கேட்டது என்று பார்க்க வேண்டும்.

கிளினிக் டாக்டர்:
மருதன் சார், நான் ஐ.எம்.ஏ. உறுப்பினர். அந்தக் கணக்கு அதிகம் என்று அன்றைக்கே எங்கள் கிளையில் பேசியவன். ஆனால் பி.பி.இ. கிட் எனும் பாதுகாப்பு உடையின் விலையும், ஊழியர்களைத் தனிமையில் வைக்கும் செலவும் அந்த மாதங்களில் இருபது படுக்கை வைத்திருந்தவரை எப்படி நசுக்கின என்பதையும் பார்த்தேன். கட்டணமும் உயிர்க்காப்பீடும் வேறு வேறு. ஒன்றில் தவறினார்கள் என்பதற்காக மற்றதில் பேசியதைத் தள்ள முடியாது.

2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை நிபுணரை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸை அடித்தார்கள். மெழுகுவத்தி ஏந்துவோம், கறுப்பு நாள் அறிவிப்போம் என்று சங்கம் சொன்னது. 22-ஆம் தேதி உள்துறை அமைச்சர் டாக்டர்களிடம் பேசினார். அன்றே தாக்குவோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்ற அவசரச் சட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்றே நாளில்! அந்தச் சட்டம் நர்ஸுக்கும், கிராமங்களில் வேலை பார்க்கும் ஆஷா சுகாதாரப் பணியாளருக்கும் சேர்த்துத்தான்.

மருதன்:
அதை ஒப்புக்கொள்கிறேன், டாக்டர். ஆனால் அடிப்பவனைச் சிறையில் போடுவதில் அரசுக்குச் செலவில்லை. 50 லட்சம் என்று வந்தபோது என்ன ஆனது? நவி மும்பையில் கிளினிக்கை மூடக்கூடாது என்று 2020 மார்ச் 31 அன்று மாநகராட்சி ஒரு டாக்டருக்கு நோட்டீஸ் கொடுத்தது. அவர் திறந்து வைத்தார், ஜூனில் இறந்தார். அரசு அவரை வேலைக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக் குடும்பத்துக்குப் பணம் மறுத்தார்கள். 2021-இல் மும்பை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், அன்றைய உத்தரவுகளே டாக்டர்களை வேலைக்கு அழைத்ததற்குச் சமம் என்றது. அதுவும் ஒவ்வொருவரும் ஆதாரம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சுமார் ஐந்து வருடம் அந்த டாக்டரின் மனைவி கோர்ட் படி ஏறியிருக்கிறார். மூன்று நாளில் சட்டம் வாங்கிய பலம் அங்கே எங்கே போனது?

வைகைக்கரை:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, மருதன். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2021 ஏப்ரல் வரை பணம் போய்ச் சேர்ந்தது 287 குடும்பங்களுக்குத்தான். பிறகு ஜூனில் விதியை மாற்றி, கலெக்டர் சான்று கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள். தாமதத்தைச் சொல்லிச் சொல்லிக் கேட்டதால் வந்த மாற்றம் அது. அதில் சங்கத்துக்கும் பங்கு உண்டு.

கிளினிக் டாக்டர்:
மருதன் சார் கேட்டது நியாயம். தனியார் டாக்டர்களைச் சேருங்கள் என்று கேட்டோம். ஆனால் நர்ஸ், லேப் டெக்னீஷியன், வார்டு பாய் எல்லோரையும் சேர்த்து அதே வேகத்தில் கேட்கவில்லை. சிஸ்டர், உங்கள் தோழியின் கிளெய்ம் எழுத்தில் நிராகரிக்கப்பட்டதா, மனுவே போகவில்லையா?

தேனி நர்ஸ்:
மனுவே போகவில்லை டாக்டர். சான்று இல்லாமல் வாங்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அவள் கணவர் விட்டுவிட்டார்.

கிளினிக் டாக்டர்:
பணம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி ஒரு வக்கீலிடம் கேட்கலாம். ஆர்.டி.பி.சி.ஆர். (கொரோனா பரிசோதனை) ரிப்போர்ட், இறப்புச் சான்று, கொரோனா வார்டில் வேலை பார்த்ததற்கான ஏதாவது ஒரு தாள், சம்பளச் சீட்டு இருந்தால்கூட எடுத்து வையுங்கள். மனு எழுத நான் உட்காருகிறேன்.

தேனி நர்ஸ்:
அந்த மாத டூட்டி ரோஸ்டரை என் பழைய போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். கொரோனா வார்டு, நைட், தொடர்ந்து ஒன்பது நாள் அவள் பெயர் இருக்கும். போன் ஆன் ஆகவில்லை. நாளைக்குக் கடையில் கொடுத்துப் பார்க்கிறேன்.